கஞ்சா தின்பண்டங்கள்: கனடாவில் முதல்முறை வாங்குபவர்களுக்கு

கனடாவில் 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சா சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. சரியாக ஓர் ஆண்டு கழித்து கஞ்சா சேர்த்த தின்பண்டங்களுக்கும் பானங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த 2019 டிசம்பரிலேயே கம்மி என்ற ஜெல்லி மிட்டாய், சாக்லேட், பிஸ்கட், சோடா என்று கடைகளுக்கு வர ஆரம்பித்துவிட்டன. இவற்றை இங்கே எல்லோரும் எடிபிள் என்றுதான் சொல்கிறார்கள்.

படிக்கவும் வேலைக்கும் புதிதாக வருகிறவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். புகை கிடையாது, வாசனை கிடையாது, வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்க வேண்டியதில்லை. பார்ப்பதற்கு மிட்டாய் மாதிரி இருப்பதால் பயமும் வருவதில்லை. ஆனால் புகைப்பதைவிடச் சாப்பிடுவதில்தான் புதியவர்கள் அளவு தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் நேரம். வாயில் போட்டதற்கும் உடம்பு அதை உணர்வதற்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் பொறுமை இழப்பவர்கள்தான் பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள்.

இதை எடுக்காமலே இருப்பதுதான் எப்போதும் பாதுகாப்பு. நான் எழுதுவது எடுப்பது என்று தீர்மானித்துவிட்ட, வயது வந்தவர்களுக்காக. கனடாவில் வாழ்பவர்களுக்காக மட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டில் இருந்தால் அங்கே சட்டமே வேறு.

1. உங்களுக்கு இது ஒத்துவருமா என்று பாருங்கள்

முதலில் வயது. ஒன்டாரியோவில் 19, ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. இது சட்டம் சொல்லும் வயது மட்டும்தான். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்குள் அடிக்கடி எடுத்தால் நினைவாற்றலும் கவனமும் பாதிக்கப்படலாம். கஞ்சா எடுப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பதின்ம வயதில் தொடங்கியவர்களிடம் இந்த விகிதம் இன்னும் அதிகம்.

கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தொடவே கூடாது. இதய நோய் உள்ளவர்களும் அப்படியே. கஞ்சா இதயத் துடிப்பை வேகப்படுத்தும், இரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கும். தெற்காசியர்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பதால் நம் ஆட்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் குடும்பங்களில் பேசாமல் மறைத்து வைக்கும் ஒரு விஷயமும் இங்கே முக்கியம். பெற்றோர், உடன்பிறந்தோர், சித்தப்பா, மாமா என்று நெருங்கிய உறவில் யாருக்காவது மனச்சிதைவு நோயோ இருதுருவ மனநோயோ இருந்ததா? "அவருக்கு நரம்புத் தளர்ச்சி" என்று மட்டும் சொல்லி மூடிவைத்திருப்பார்கள். ஊருக்கு ஒரு போன் போட்டு நேராகக் கேளுங்கள். இருந்தது என்று தெரிந்தால், டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) உள்ள எதுவுமே உங்களுக்கு வேண்டாம்.

மாத்திரை சாப்பிடுபவர்கள் மருந்தாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், தூக்க மாத்திரைகள், வலிப்பு மருந்துகள் ஆகியவற்றோடு கஞ்சா மோதும். கஞ்சாவிலேயே இருக்கும், போதை தராத சிபிடி மட்டும் உள்ள பொருளும் இதில் விலக்கில்லை. சில மருந்துகளைக் கல்லீரல் உடைக்கும் வேகத்தை சிபிடி மாற்றிவிடும். மருந்துக் கடையில் கேட்கக் கூச்சப்பட எதுவுமில்லை. சட்டப்படி விற்கும் பொருள், அவர்கள் தினமும் கேட்கும் கேள்வி.

2. வயிற்றுக்குள் போனால் என்ன நடக்கிறது

புகைத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியாக நேராக இரத்தத்தில் கலக்கிறது. சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். போதும் என்று தோன்றினால் நிறுத்திக்கொள்ளலாம். சாப்பிட்டால் அது வயிறு, குடல், கல்லீரல் என்று சுற்றிப் போக வேண்டும். கல்லீரல் அதில் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்ஸி-டி.எச்.சி. என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. இது மூளைக்குள் எளிதாக நுழையும், வலுவும் அதிகம், இறங்க நீண்ட நேரம் பிடிக்கும். பல வருடங்களாகப் புகைத்துப் பழகியவர்கூட ஒரு கம்மி சாப்பிட்டுத் தடுமாறுவது இதனால்தான். புகைத்த அனுபவத்தை வைத்து எடிபிளின் அளவைத் தீர்மானிக்க முடியாது.

கனடாவின் சுகாதாரத் துறை சொல்லும் கால அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விளைவு தெரிய ஆரம்பிக்க 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் ஆகும். உச்சத்துக்கு வர 4 மணி நேரம்கூட ஆகலாம். 12 மணி நேரம் வரை நீடிக்கும், மிச்சம் மீதி 24 மணி நேரம் வரை இருக்கலாம்.

இது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாளும் மாறும். வெறும் வயிற்றில் சீக்கிரம் பிடிக்கலாம். எண்ணெய், நெய் நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் தாமதமாகும், ஆனால் டி.எச்.சி. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் உடம்பில் சேரும் அளவு கூடும். பிரியாணி சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது என்று நண்பர் சொன்னால் நம்பாதீர்கள். பானங்களில் டி.எச்.சி.யை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துச் சேர்ப்பதால் பல பானங்கள் கம்மியைவிட வேகமாக வேலை செய்யும்.

3. எங்கே வாங்குவது

உரிமம் உள்ள கடையில் மட்டும். ஒன்டாரியோவில் தனியார் கடைகளுக்கு மாகாண உரிமம் உண்டு, அதற்கான முத்திரையை வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள். இணையத்தில் வாங்குவதென்றால் மாகாண அரசின் ஒன்டாரியோ கேனபிஸ் ஸ்டோர் இருக்கிறது. கியூபெக்கில் அரசுக் கடைகள் மட்டும்தான், அங்கே மிட்டாய் மாதிரியான பொருள்களை விற்கவே மாட்டார்கள்.

சட்டப்படி விற்கும் தின்பண்டத்தில் ஒரு பெட்டிக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் இருக்கலாம். ஒரே கம்மியாக இருந்தாலும் நான்காக இருந்தாலும் மொத்தம் 10. ஒரு பாக்கெட்டில் 100, 500, 1000 மில்லிகிராம் என்று போட்டு, பிரபலமான சிப்ஸ், மிட்டாய்ப் பாக்கெட்டுகளின் நிறத்தையும் எழுத்தையும் காப்பியடித்து விற்கிறார்கள் என்றால் அது கள்ளச் சரக்கு. வெளியே போட்டிருக்கும் எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. மலிவு என்று வாட்ஸ்அப் குழுவில் வரும் சரக்கு பெரும்பாலும் இந்த வகைதான். ஐந்தாறு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் அளவே தெரியாத ஒன்றை வாயில் போடாதீர்கள்.

வீட்டில் செய்த பிரவுனி, கேக் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்த உபயோகத்துக்குச் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் வெண்ணெயில் எவ்வளவு இறங்கியது, மாவில் எங்கே அதிகம் சேர்ந்தது என்று செய்தவருக்கே தெரியாது. ஒரே தட்டில் ஒரு துண்டில் ஒன்றுமே இல்லாமல், பக்கத்துத் துண்டில் மிக அதிகமாக இருக்கலாம். விருந்தில் யாராவது நீட்டினால் மறுத்துவிடுங்கள். முதல்முறைக்கு அது சரிப்படாது.

4. பெட்டியைப் படியுங்கள்

சட்டப்படியான பெட்டி அலங்காரம் இல்லாமல் சாதாரணமாக இருக்கும், குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாது. சிவப்பு நிற எண்கோணத்துக்குள் கஞ்சா இலை வரைந்து டி.எச்.சி. என்று எழுதிய முத்திரை இருக்கும். மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை வாசகமும், மாகாணப் பெயருடன் கலால் வரி வில்லையும் இருக்கும். இவை இல்லையென்றால் அந்தப் பெட்டியை வாங்காதீர்கள்.

பிறகு எண்கள். மொத்த டி.எச்.சி. என்ற வரியைத் தேடுங்கள். ஒரு துண்டுக்கு எவ்வளவு, முழுப் பெட்டிக்கு எவ்வளவு என்று இரண்டையும் பாருங்கள். இரண்டு கம்மி உள்ள பெட்டியில் ஒன்றுக்கு 5 மில்லிகிராம் இருக்கலாம். ஒரே கம்மி உள்ள பெட்டியில் அது ஒன்றிலேயே 10 இருக்கலாம். பார்க்க இரண்டும் ஒரே அளவில்தான் தெரியும்.

அதே கடையில் கஞ்சா எண்ணெய், மாத்திரைக் குப்பிகளும் விற்பார்கள். அவற்றுக்கு இந்த 10 மில்லிகிராம் வரம்பு முழுக் குப்பிக்கும் பொருந்தாது. ஒரு குப்பியில் 1000 மில்லிகிராம் வரை இருக்கலாம். சொட்டு மருந்து மாதிரி இருக்கிறதே என்று எண்ணெயில் தொடங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சைவம் சாப்பிடுபவர்கள் சேர்மானப் பட்டியலையும் பார்க்க வேண்டும். பல கம்மிகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பெக்டின் என்று போட்டிருந்தால் அது பழத்திலிருந்து எடுப்பது.

5. முதல் தடவை

மறுநாள் வேலையோ வகுப்போ இல்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டில், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள். அவர் எதுவும் எடுக்காமல் தெளிவாக இருக்க வேண்டும். வழக்கமான சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அன்று பீர், விஸ்கி எதுவும் கூடாது. மது டி.எச்.சி.யின் விளைவைக் கூட்டிவிடும், இரண்டும் சேர்ந்தால் வாந்தியும் தலைசுற்றலும் வேறு. மனசு சரியில்லாத நாளில், சண்டை போட்ட இரவில், பரீட்சைப் பதற்றத்தில் எடுப்பதைத் தவிருங்கள். கவலை இருந்தால் அதைப் பெரிதாக்கிக் காட்டும் குணம் இதற்கு உண்டு.

அளவு 2.5 மில்லிகிராம், அல்லது அதற்கும் கீழே. சுகாதாரத் துறையும் புதியவர்களுக்கு இதைத்தான் சொல்கிறது. 10 மில்லிகிராம் கம்மி என்றால் கால்வாசி. கத்தியால் நறுக்கிக்கொள்ளுங்கள், கடித்துப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். இன்னும் நல்லது, ஒன்றுக்கு 2.5 மில்லிகிராம் என்று வரும் பெட்டியாகவே வாங்குவது. சாப்பிட்ட நேரத்தையும் அளவையும் போனில் குறித்து வையுங்கள். அது எதற்கு என்று அடுத்த பகுதியில் புரியும்.

மிச்சத்தை உடனே பெட்டியில் போட்டு மூடி, அறைக்கு வெளியே பூட்டி வைத்துவிடுங்கள். மேஜையில் கண்ணெதிரே கிடந்தால் கை போகும்.

6. காத்திருங்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரியில் கஞ்சா விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் டென்வர் நகருக்குச் சுற்றிப் பார்க்க வந்த 19 வயது மாணவர் ஒருவர் கஞ்சா பிஸ்கட் சாப்பிட்டார். அதில் மொத்தம் 65 மில்லிகிராம் டி.எச்.சி. இருந்தது. கடைக்காரர் சொன்னபடியே முதலில் சிறு துண்டுதான் சாப்பிட்டார். அரை மணி நேரத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் இடையில், ஒன்றுமே தெரியவில்லையே என்று மீதி முழுவதையும் சாப்பிட்டுவிட்டார். அடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் அவர் பேச்சும் நடத்தையும் மாறின. முதல் துண்டைச் சாப்பிட்டு மூன்றரை மணி நேரம் ஆனபோது நான்காவது மாடி பால்கனியிலிருந்து குதித்து இறந்துபோனார். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் இந்தச் சம்பவத்தை அறிக்கையாக வெளியிட்டது. பத்து பத்து மில்லிகிராமாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற விதியைக் கொலராடோ கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான்.

நான் இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட முடிவு மிக அரிது. ஆனால் அந்தப் பையன் செய்த காரியம் அரிதே அல்ல. ஒவ்வொரு வார இறுதியிலும் எத்தனையோ வீடுகளில் அதே நடக்கிறது. "ஒன்னும் ஆகலையே, இன்னொன்னு போடு" என்ற அந்த ஒரு வரி. முதல் துண்டு அப்போதுதான் கல்லீரலைக் கடந்துகொண்டிருக்கும். இரண்டாவது துண்டு அதன் பின்னாலேயே வந்து சேரும். இரண்டும் ஒன்றாக ஏறும்போது திரும்பிப் போக வழி கிடையாது. சாப்பிட்டதை உடம்பிலிருந்து வெளியே எடுக்க முடியாது.

அதனால் முதல் தடவைக்கு என் விதி இதுதான்: அன்று இரண்டாவது துண்டு கிடையாது. குறைந்தது 4 மணி நேரம் பொறுக்க வேண்டும், உச்சம் அதற்கு முன்பு வராமலும் போகலாம். நான்கு மணி நேரம் கழித்தும் ஒன்றுமில்லை என்றால் தூங்கப் போங்கள். வேறொரு நாள் சற்றுக் கூட்டிப் பார்க்கலாம், அதுவும் 2.5 மில்லிகிராமுக்கு மேல் கூட்டாமல். போனில் நேரத்தைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். இந்த நிலையில் நேரம் மெதுவாக நகர்வதுபோல் தோன்றும். முக்கால் மணி நேரம் ஆனதை மூன்று மணி நேரம் என்று மனம் சாதிக்கும்.

நண்பர்கள் சிரிப்பார்கள். கால்வாசி கம்மியா என்று கேலி செய்வார்கள். செய்யட்டும்.

7. அதிகமாகிவிட்டால்

இதயம் படபடவென்று அடிக்கும், வாய் வறண்டுபோகும், எல்லோரும் நம்மையே பார்ப்பதுபோல் தோன்றும், சிலருக்கு வாந்தி வரும், செத்துப்போய்விடுவோமோ என்ற பயம் வரும். ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்குப் பெரும்பாலும் இது சில மணி நேரத்தில் தானாக இறங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதே பெரிய உதவி. வெளிச்சத்தைக் குறைத்து, அமைதியான அறையில் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கட்டும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள், பால்கனிக் கதவைச் சாத்தி வையுங்கள். எலுமிச்சை, மோர், மிளகு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், ஆனால் இதற்கு முறிவு மருந்து எதுவும் இல்லை. தூங்கட்டும் என்று தூக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து.

நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு, மூச்சுத் திணறல், எழுப்பியும் எழாத நிலை, இல்லாததைப் பார்ப்பது அல்லது தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போவது இவற்றில் எது தெரிந்தாலும் யோசிக்காமல் அவசர உதவி எண் 911ஐ அழையுங்கள். சந்தேகமாக இருந்தால் கனடா நச்சு உதவி எண் 1-844-764-7669, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். எதைச் சாப்பிட்டார், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். விசா போய்விடும் என்று பயந்து மருத்துவரிடம் மறைப்பவர்கள் உண்டு. வயது வந்தவர் சட்டப்படி வாங்கிச் சாப்பிட்டது குற்றமே இல்லை, நோயாளி சொன்னதை மருத்துவர் போலீசுக்குச் சொல்லவும் போவதில்லை.

8. வீட்டில் எங்கே வைப்பது

பூட்டு போட்ட பெட்டியில், கைக்கு எட்டாத உயரத்தில், எப்போதும் அதன் சொந்த உறையிலேயே. ஃபிரிட்ஜில் வேண்டாம், சமையலறை டப்பாவிலும் வேண்டாம். பெரியவருக்குக் கிறுகிறுப்பு தரும் 10 மில்லிகிராம், இரண்டு வயதுக் குழந்தையை நினைவிழக்கச் செய்யலாம். கனடாவில் தின்பண்டங்களை அனுமதித்த மாகாணங்களில் அதற்குப் பிறகு கஞ்சா விஷத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சிறு குழந்தைகளின் எண்ணிக்கை கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தை திடீரென்று துவண்டுபோனால், நடக்கத் தள்ளாடினால், எழுப்ப முடியாமல் தூங்கினால் காத்திருந்து பார்க்கக் கூடாது. உடனே 911.

தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாக இருக்கும் வீடுகள் நம்மிடம் அதிகம். ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு அந்த எண்கோண முத்திரை என்னவென்று தெரியாது. மிட்டாய் என்று நினைத்துத் தானும் ஒன்று சாப்பிட்டு, குழந்தைக்கும் ஒன்று கொடுப்பார். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் 70 வயதுக்காரர் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். வெட்கத்தை விட்டு வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் முத்திரையைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அது முடியாத வீட்டுக்கு எடிபிளைக் கொண்டுவராதீர்கள். ஒருவருக்குத் தெரியாமல் வேடிக்கைக்காக ஊட்டுவது துரோகம், அது குற்றமும்கூட.

9. வண்டியும் வேலையும்

எடுத்த பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள். இரவு சாப்பிட்டுவிட்டுக் காலையில் தெளிவாக இருப்பதாகத் தோன்றினாலும் உடம்பில் மிச்சம் இருக்கலாம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 2 நானோகிராம் டி.எச்.சி. இருந்தாலே குற்றம், 5 நானோகிராம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. ஒன்டாரியோவில் ஜி1, ஜி2 என்ற தொடக்கநிலை ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கும், 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும், லாரி முதலிய வணிக வாகனம் ஓட்டுபவர்களுக்கும் துளிகூட அனுமதி இல்லை. புதிதாக வந்தவர்களில் பலர் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் வந்துவிடுவார்கள்.

2018 டிசம்பர் முதல் போதையில் வண்டி ஓட்டுவதற்கான உச்சத் தண்டனை 10 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. குடியேற்றச் சட்டப்படி அது கடுமையான குற்ற வகைக்குள் வந்துவிடுகிறது. குடியுரிமை இல்லாதவர், நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்கூட, அதில் தண்டிக்கப்பட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டிய நிலை வரலாம். வேலையில் போதைப் பரிசோதனை உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் டி.எச்.சி.யின் தடயம் பல நாள் கழித்தும் தெரியும்.

10. எல்லையைத் தாண்டாதீர்கள்

கனடாவுக்குள் விமானத்தில் போகும்போது சட்டம் சொல்லும் அளவுக்குள் எடுத்துச் செல்லலாம். நாட்டை விட்டு வெளியே எந்த அளவிலும் கூடாது, சிபிடி மட்டும் உள்ளதும் கூடாது. நயாகராவைப் பார்த்துவிட்டு அப்படியே அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய் வரலாம் என்று கிளம்பும்போது பையில் ஒரு கம்மி கிடந்தாலும் குற்றம்தான். அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா இன்னும் குற்றம். அந்நாட்டுக் குடிமகன் அல்லாதவரை எல்லை அதிகாரி திருப்பி அனுப்பிவிடலாம், பிறகு விசா கிடைப்பதும் சிக்கலாகும். இந்தியாவுக்கு எடுத்துப்போனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பாயும். இலங்கையிலும் குற்றம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இன்னும் ஒரு படி மேலே: அவர்கள் கனடாவில் சட்டப்படி சாப்பிட்டிருந்தாலும், திரும்பிப் போனதும் பரிசோதனையில் தெரிந்தால் அங்கே வழக்கு வரும். ஊருக்குப் போகப் பெட்டி கட்டும்போது ஜாக்கெட் பாக்கெட், கைப்பை, லேப்டாப் பை என்று எல்லாவற்றையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.